டாக்டரிடம் கொண்டுபோன அளவு பிளவுஸ்

பிரிக்பீல்ட்ஸில் என் தையல் கடை மாடியில் இருக்கிறது. கீழே பூக்கடை. படியேறி வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டே, "லிஃப்ட் வைக்கக் கூடாதா அக்கா?" என்பார்கள். பதினெட்டு வருடமாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: ஏறி வந்தால் இடுப்பு ஒரு இஞ்சு குறையும், எனக்குத் துணி மிச்சம்.

நான் பிளவுஸ் மட்டும்தான் தைப்பேன். சுடிதார், பாவாடை என்று எதைக் கொண்டுவந்தாலும் எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுவேன். பிளவுஸில்தான் ஒரு பெண்ணின் உடம்பு பொய் சொல்லாமல் தெரியும். அளவெடுக்கிற திரைக்கு வெளியே நிமிர்ந்து நிற்கிறவள், திரைக்குள்ளே வந்து முந்தானையை இறக்கியதும் தோளைச் சுருக்கிக்கொள்வாள். "கொஞ்சம் லூசா தைங்கக்கா, எடுப்பா தெரிய வேணாம்." இதைச் சொல்லாத பெரிய மார்புக்காரி ஒருத்தியைக்கூட நான் பார்த்ததில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான் என்பதால் கேள்வி கேட்காமல் தைத்துக் கொடுப்பேன்.

என் கதை பதின்மூன்று வயதில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன். வைத்தவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள், நன்றாக இருக்கட்டும். ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், அந்த வருடத்தோடு ஓடுவதை விட்டேன். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் முன்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முப்பது வருடம் கழித்தும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போது கைப்பையை அப்படியேதான் பிடித்திருந்தேன். தோள் இரண்டிலும் உள்பாடியின் பட்டை பதிந்து, ஒரு விரலைப் படுக்கவைக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. மார்புக்கு அடியில் வேர்வையில் தோல் புண்ணாகும். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பேன். இதெல்லாம் பெண்ணாய்ப் பிறந்தால் உண்டு என்று நினைத்திருந்தேன். முட்டாள்தனம், ஆனால் யாரிடம் கேட்பது?

பிறகு விரல் மரத்தது. இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும். முதலில் தூங்கி எழும்போது மட்டும். அப்புறம் மிஷினில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள். வலது கை சக்கரத்துக்கும் கத்திரிக்கும் போய்விடும், துணியை நடத்திக்கொண்டு போவது இடது கைதான். அந்தக் கை எனக்குச் சோறு போடுகிற கை.

ஒரு நாள் சந்தன நிறப் பட்டு பிளவுஸ் ஒன்றுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். துணியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. வெற்றிலை பாக்குப் போட்ட கையோடு யாரோ தொட்டுவிட்டார்கள் என்று திட்டத் தயாரானேன். பார்த்தால் என் ரத்தம். ஊசி சுண்டுவிரலில் ஏறி நின்றுகொண்டிருந்தது, எனக்குத் தெரியவில்லை. தையல்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம், சொந்த ரத்தம் பட்ட துணியில் சொந்த எச்சிலை வைத்துத் துடைத்தால் கறை போகும். கறை போய்விட்டது. பயம் போகவில்லை. கை போனால் கடை போகும், கடை போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது.

கிள்ளான் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். ஷா ஆலமில் ஒரு பிசியோ நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த மலாய்ப் பெண் என் கழுத்தைத் திருப்பப் போனவள், தோள் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து நிறுத்தினாள். அங்கே அழுத்தியதும் மரத்த விரல்கள் ஜிவ்வென்றன. "அக்கா, இந்தப் பாரத்தைப் பற்றி எந்த டாக்டரும் உங்களிடம் பேசவில்லையா?" என்று மலாயில் கேட்டாள். மலிவான உள்பாடி போட்டிருப்பதற்காகத் திட்டுகிறாள் என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது. அவள்தான் மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை என்று ஒன்று இருப்பதை எடுத்துச் சொல்லி, பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கச் சொன்னாள்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் ஷா ஆலமில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். நல்ல மனிதர், ஆனால் சில வார்த்தைகள் அவர் வாயில் வராது. மார்பு அதில் முதலாவது. எங்கள் கல்யாணத்திலிருந்து அதற்குப் பெயர் 'அது'.

"பிளாஸ்டிக் சர்ஜனா? அது நடிகைங்க போற எடம் இல்ல?"

"ஆமா, அடுத்த படத்துல நான்தான் ஹீரோயின்."

"இல்ல... அதுக்கெல்லாமா ஆபரேஷன் பண்றாங்க?"

"அதுக்குத்தான்."

அவர் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

டாக்டரைப் பார்க்கப் போன அன்று நான் செய்த காரியத்தை இன்றைக்கும் என் கடைப் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எங்கள் தொழிலில் இஞ்சு டேப்பை நம்புவதைவிட அளவு பிளவுஸை நம்புவோம். சரியாக இருக்கிற பழைய பிளவுஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "இதே மாதிரி" என்று வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதனால் நானும் பெட்டிக்குள்ளிருந்து என் கல்யாண பிளவுஸை எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போனேன். இருபத்திரண்டு வயதில், பட்டினி கிடந்து இளைத்திருந்தபோது நானே தைத்தது. டாக்டர் என்னைவிட வயதில் குறைந்த தமிழ்ப் பெண். அவர் மேசைமேல் அதை விரித்து வைத்து, "இந்த அளவுக்கு வந்தா போதும் டாக்டர்" என்றேன்.

பக்கத்தில் நின்ற தாதி திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது. டாக்டர் சிரிக்கவில்லை. பிளவுஸை எடுத்து உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"நீங்களே தைச்சதாக்கா?"

"ஆமா."

"ரொம்ப நீட்டா இருக்கு. ஆனா நீங்க துணி வெட்டுற மாதிரி நான் வெட்ட முடியாது."

காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து கீழே ஒரு கோடு, அடியில் மடிப்பை ஒட்டி ஒரு கோடு. நடுவில் உள்ளதை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்துத் தைப்பது. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, தினம் செய்கிற வேலைதானே. புரியாதது ஒன்றுதான். காம்புக்கு ரத்தம் போகிற சதையை விட்டுவைத்தே ஆக வேண்டும். அளவுக்கு மீறி எடுத்தால் ரத்தம் போகாமல் அந்த இடம் செத்துப்போகலாம்.

"எவ்வளவு எடுக்கறோங்கறது பெரிசில்லக்கா. எவ்வளவு விட்டு வைக்கறோங்கறதுதான் என் வேலை. இந்த பிளவுஸ் அளவுக்குப் போனா எனக்கு பயம். கிட்ட கொண்டு வரலாம். இத்தனை இஞ்சுன்னு எழுதிக் கொடுக்க முடியாது."

அப்புறம் மற்றதையெல்லாம் மறைக்காமல் சொன்னார். தழும்பு மங்கும், போகாது. காம்பில் உணர்வு குறையலாம், போயே போகலாம். இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி வராது. உடம்பு ஏறினால் மார்பும் மறுபடி ஏறும். என் வயதுக்கு முதலில் மாமோகிராம் எடுத்துப் பார்க்க வேண்டும், வெட்டி எடுத்த சதையையும் சோதனைக்கு அனுப்புவார்கள். இன்னும் பிள்ளை பெறுகிற எண்ணம் இருக்கிறதா, பிறகு தாய்ப்பால் கொடுக்க முடியாமல் போகலாம் என்றார். என் மகன் சவரம் செய்துகொண்டிருக்கிறான் என்றேன். இப்போது டாக்டரும் சிரித்தார்.

நான் கேட்க வந்த கேள்வி வேறு. "விரல் சரியாயிருமா?"

அவர், கிளினிக்கில் எடுத்திருந்த என் கழுத்து எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தோள்வலி, முதுகுவலி குறைய நல்ல சான்ஸ் இருக்கு. விரலுக்கு நான் வாக்கு கொடுக்க மாட்டேன். பட்டை அழுத்தறதால இருந்தா வரும். கழுத்துலயும் கொஞ்சம் தேய்மானம் தெரியுது. அதனாலன்னா வராது."

ரயிலில் திரும்பி வரும்போது எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தை, 'சரியாயிரும்' என்று சொன்னால் என்ன? காஜாங்கோ ரவாங்கோ போய் வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். கிள்ளான் வந்து சேர்வதற்குள் மனம் மாறிவிட்டது. தீபாவளிக்கு முந்தின மாதத்தில் "கண்டிப்பா கொடுத்துருவேன்" என்று எல்லாருக்கும் சொல்கிற தையல்காரியை எனக்குத் தெரியும். கடைசி நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறவளிடம்தான் நான் பட்டைக் கொடுப்பேன். என் உடம்பையும் அப்படிப்பட்டவரிடமே கொடுத்தேன்.

பூச்சோங்கில் இருக்கும் என் அக்காதான் குதித்தாள். "சாமி கொடுத்தத வெட்டிப் போடறியா?" பல்லையும் சாமிதான் கொடுத்தார், போன வருஷம் ரெண்டு பிடுங்கிக்கிட்டியே, போய்த் திரும்ப ஒட்டிக்க என்றேன். இரண்டு வாரம் பேசவில்லை. பிறகு மனம் இளகி, உடம்பு தேறட்டும் என்று பூண்டு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, மீனெண்ணெய் என்று ஒரு பை நிறைய வாங்கிக் கொடுத்தாள். கொடுத்ததைக் கொடுத்த வேகத்தில் விழுங்கினேன். ஆபரேஷனுக்கு முந்தின பரிசோதனையில் தாதி, "வேறு மருந்து ஏதாவது?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்றேன். பூண்டும் மஞ்சளும் எங்களுக்கு மருந்தா, சாப்பாடுதானே? நான்காவது தடவை, "நாட்டு மருந்து, கடையில் விற்கிற மாத்திரை?" என்று அவள் பிரித்துக் கேட்டபோதுதான் பையைத் திறந்து காட்டினேன். அவற்றில் சிலது ரத்தப்போக்கைக் கூட்டலாமாம். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, தேதியை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள். அக்காவிடம் சொன்னபோது, "நல்லதுக்குத்தானே லா கொடுத்தேன்" என்று அழுதாள். அவளைச் சமாதானம் செய்வது என் வேலையாகிவிட்டது.

அந்த நாள் வந்தது. மயக்க மருந்துக்கு முன்னால் டாக்டர் என்னை நிற்கவைத்து, ஊதா நிறப் பேனாவால் கோடு போட்டார். எத்தனையோ பெண்களின் மேல் டேப்பை வைத்திருக்கிறேன். என் மேல் யாரும் வைத்ததில்லை, எனக்கு நானே குத்துமதிப்பாகத் தைத்துக்கொண்டவள். தோளைச் சுருக்கினேன்.

"மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்கக்கா. சாதாரணமா நில்லுங்க."

திரைக்குப் பின்னால் நான் தினம் பத்துப் பேரிடம் சொல்கிற அதே வாக்கியம். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோடு கோணி, அவர் துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டியதாயிற்று.

விழித்தபோது கசிவு வடிய இரண்டு பக்கமும் குழாய், இறுக்கமான உள்பாடி, நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. வலி இல்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் எழுந்து உட்கார்ந்த முதல் நிமிடம் என் தோள் காலியாக இருந்தது. சாமான் பையைக் கீழே வைத்தது போல இருந்தது. அதற்காகவே அழுதேன், சந்தோஷமாக. பிறகு போர்வைக்குள் இடது சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் தண்ணீர்க் கெத்தல் தூக்கக் கூடாது, கையை உயர்த்தக் கூடாது. என் தலைமுடியைக் கணவர் வாரிவிட்டார். பஸ்ஸின் வைப்பரைப் போல இடமும் வலமுமாக வாரினார். காயம் ஆறுவதற்கு விரால் மீன் சூப் வைத்துக்கொண்டு அக்கா வந்தாள். வந்தவர்கள் எல்லாரும், "முதுகு எப்படி இருக்கு?" என்றே கேட்டார்கள். கோயிலில் பழக்கமான அங்கிள் ஒருவர் மூலிகை எண்ணெய் புட்டியோடு வந்து, முதுகில் மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும் என்று செய்து காட்டினார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பக்கத்து வீட்டு ஆன்டி விடவே இல்லை. "முதுக காட்டு, பாத்துட்டுப் போறேன்." திரும்பி உட்கார்ந்து காட்டினேன்.

"ஐயோ, ஒரு கீறல்கூட இல்ல! இப்பல்லாம் எப்படிப் பண்றாங்க பாரு லா!"

சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்துபோனேன். அவர்கள் போனதும் கணவரைப் பிடித்தேன். ஊர் முழுக்க முதுகு ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தவர் அவர்தான்.

"முதுகு வலிக்குத்தானே பண்ணோம்? நான் எங்க பொய் சொன்னேன்?"



கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியில் பார்த்தேன். பெண்ணாகப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன், தையல்காரியாகப் பார்த்துத் தொலைத்தேன். இடது பக்கம் அரை இஞ்சு இறக்கம். அடியில் கோடுகள் சேரும் இடத்தில் காயம் கொஞ்சம் வாய் பிளந்து, ஆற வாரக் கணக்கானது. வீக்கம் வடிய மாதங்கள் ஆகும், பொறுங்கள் என்றார் டாக்டர். யோசித்துப் பார்த்தேன். நான் தைத்த எந்தப் பெண்ணுக்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்ததில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு பக்கத்துப் பிடிப்பைக் கொஞ்சம் தளர்த்தித் தைப்பேன், அவ்வளவுதான். எனக்கும் அதையே செய்துகொள்ள வேண்டியதுதான். வலது பக்கத்தில் உணர்வு பாதிதான் வந்திருக்கிறது. சொல்லியிருந்தார்கள், அதனால் யாரிடமும் எனக்குச் சண்டை இல்லை.

மூன்றாம் மாதம் கல்யாண பிளவுஸைப் போட்டுப் பார்த்தேன். கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பிரித்து விடலாம் என்று உள்தையலைத் திருப்பினால் அங்கே துணியே விடவில்லை. வருகிற ஒவ்வொருத்தியிடமும் உடம்பு மாறும், உள்ளே ஒரு இஞ்சு விடுவோம் என்று சொல்கிறவள், தனக்கு விடவில்லை. இருபத்திரண்டு வயசுத் திமிர். மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

மற்றபடி வாழ்க்கை சுகமாகவே இருந்தது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு முதல் தடவையாகக் குப்புறப் படுத்துத் தூங்கினேன். சென்ட்ரல் ஸ்டேஷனில் கதவு மூடப் போகிற கொமுட்டரை ஓடிப் பிடித்தேன், கைப்பை தோளில் தொங்க. ஓடியதற்காகவே அன்று முழுக்க எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன். கடையில் திரைக்குப் பின்னால் ஒருத்தி தோளைச் சுருக்கினால், முதுகு ஆபரேஷன் இல்லை, மார்பு ஆபரேஷன் என்று உண்மையைச் சொன்னேன். செராஸிலிருந்து வருகிற ஒரு பெண், கல்யாணம் ஆகாதவள், டேப்பைக் கழற்றவிடாமல் அரை மணி நேரம் கேள்வி கேட்டாள். தழும்பைக் காட்டினேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆசை இருந்தால் அதை முதலில் கேள், வாக்குக் கொடுக்காத டாக்டராகப் பார், மாத்திரைப் பையை மறைக்காதே, பிளவுஸ் கொண்டுபோகாதே என்றேன்.

ஆனால் விரல் அப்படியே இருந்தது. தினம் காலையில் கடையைத் திறந்ததும் துணியில் கோடு போடுகிற சாக்குக் கட்டியின் ஓரத்தில் சுண்டுவிரலை அழுத்திப் பார்ப்பேன். ஏதோ பஞ்சைத் தொட்ட மாதிரி இருக்கும். அரை நாள்தான் தைத்தேன். கொக்கி வேலையைக் கடைப் பெண்களிடம் தள்ளிவிட்டேன். கழுத்தால்தான் போலிருக்கிறது என்று மெல்ல மெல்ல ஒத்துக்கொள்ளத் தொடங்கியிருந்தேன்.

ஐந்தாம் மாதம் ஒரு மத்தியானம், கடைப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கணவர் லீவு போட்டுவிட்டு, கூரையில் ஆடிக்கொண்டிருந்த காற்றாடியை இறுக்க வந்து முக்காலிமேல் ஏறி நின்றிருந்தார். நான் எனக்கென்று அளவெடுத்துத் தைத்த முதல் பிளவுஸுக்கு, சாதாரண நீலப் பருத்தித் துணி, கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு இஞ்சு விட்டிருந்தேன். ஊசி சறுக்கியது.

"ஆ!"

அவர் முக்காலியிலிருந்து குதித்து ஓடி வந்தார். "என்ன, என்ன? முதுகா?"

"விரல்."

"வலிக்குதா?"

சுண்டுவிரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். அந்த இடம் சுருக்கென்று, பளிச்சென்று வலித்தது. தலையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துப் படியேறி வந்த வாடிக்கையாளர் அம்மா ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணே, அக்கா ஏன் அழறாங்க?"

கணவர் என்னைப் பார்த்தார். ஸ்பேனரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அவளுக்கு மார்புல ஆபரேஷன் பண்ணோம்மா," என்றார், பஸ்ஸில் பின்சீட்டுக்குக் கேட்கிற குரலில். "இப்ப விரல் சரியாயிருச்சு."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. நான் ரத்தத்தை எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, சந்தேகத்துக்கு இன்னொரு தடவை குத்திப் பார்த்தேன். அதுவும் வலித்தது.